வக்கீல் வீட்டு அடுக்களை

மக்கா,

நீ கேட்ட சம்மதக் கையெழுத்தை நான் போடவில்லை. கடைசி வரைக்கும் படித்துவிட்டு ஏமாந்துபோகாதே என்றுதான் அதை முதலிலேயே சொல்கிறேன். அப்பா வாரப் பத்திரிகையில் எழுதிய ‘புகை சொன்ன சாட்சி’யைப் புத்தகமாகப் போட சென்னையில் ஒருவர் முன்வந்திருக்கிறார், முன்னுரையை நீயே எழுதப்போகிறாய், நம் தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்திருக்கிற இந்த நேரத்தில் நாஞ்சில் நாட்டு வக்கீல் ஒருவர் எழுதிய கோர்ட் நாவல் வெளிவந்தால் எவ்வளவு பொருத்தமாக இருக்கும், இதெல்லாம் நீ ஆசை ஆசையாய் எழுதியிருந்தாய். அப்பா போய் வருஷம் திரும்பப்போகிறது. திவசத்துக்கு முன்னால் புத்தகம் கைக்கு வந்துவிட வேண்டும் என்று உனக்கு அவசரம். அடுத்தடுத்துக் கடிதம் போட்டும் நான் பதில் எழுதாததால் அம்மைக்கு உடம்புக்கு ஏதோ என்று பயந்துவிட்டாய். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. வெட்கத்தில்தான் பேனாவை எடுக்கவில்லை. நீயும் இப்போது கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டாய். தை பிறந்தால் கல்யாணம். அதற்குப் பிறகு இந்த வீட்டிலேயே ஆபீஸ் வைத்துக்கொள்வதாகச் சொல்கிறாய். இனியும் நான் வாயை மூடிக்கொண்டு இருப்பது சரியில்லை.

உன் அப்பாவைப் பற்றி உனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். அவருடைய குறுக்கு விசாரணையைப் பற்றி நாகர்கோவில் கோர்ட்டில் இன்றைக்கும் பேசுகிறார்களாம், அதையும் எழுதியிருந்தாய். ஒரே கேள்வியை மூன்று தடவை கேட்பார். முதல் தடவை சாதாரணமாக, இரண்டாவது தடவை மறந்துபோனவர் மாதிரி, மூன்றாவது தடவை அன்பாக. பொய் சொன்னவன் மூன்றாவது தடவையில் உளறிவிடுவான். வீட்டிலும் அந்த வித்தையை விடமாட்டார். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு சினிமாவுக்குப் போன நீ, கணக்கு வாத்தியார் நிறுத்திவைத்துவிட்டார் என்று சொன்னாயே, ஓர்மை இருக்கிறதா? மூன்றாவது தடவை அவர் உன் தலையைத் தடவிக் கேட்டதும் கதாநாயகி பேர் வரைக்கும் சொல்லிவிட்டாய். நான் அடுக்களையில் நின்று சிரித்தேன். என்னை அவர் அப்படிக் கேட்டதே இல்லை. நான் பொய் சொல்கிறவள் இல்லை என்று நம்பினார். அந்த நம்பிக்கையின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டுதான் நான் இத்தனையும் செய்தேன்.

முன்னறையில் அவருடைய ஆபீஸ், பின்னால் என்னுடைய அடுக்களை. கட்சிக்காரர்களில் பெண்கள் யாரும் முன்வாசல் வழியாக வரமாட்டார்கள். குமஸ்தாவும் நாலு ஆண்பிள்ளைகளும் உட்கார்ந்திருக்கிற இடத்தில், என் புருஷன் இப்படிச் செய்தான், என் கொழுந்தன் அப்படிப் பேசினான் என்று எந்தப் பெண் வாயைத் திறப்பாள்? அவர்கள் புறக்கடை வழியாக வந்து, அடுக்களையில் எனக்கு எதிரே உட்கார்ந்து, நான் அரிகிற காயைத் தாங்களும் வாங்கி அரிந்துகொண்டே பேசுவார்கள். அதை நான் அப்பாவிடம் சொல்லவேண்டும். இது யாரும் ஏற்படுத்திய முறை இல்லை. நம் பக்கத்து வக்கீல் வீடுகளில் அப்படித்தான் நடந்தது. அப்பா என்னை ‘உள்ளறை ஜூனியர்’ என்று கேலி செய்வார். கேலிதான் என்றாலும் எனக்குப் பெருமையாக இருக்கும். கேட்டதை அப்படியே கொண்டுபோய்க் கொட்டமாட்டேன். வழக்குக்கு வேண்டியதைச் சொல்வேன், வேண்டாததை என்னோடு வைத்துக்கொள்வேன். எதைச் சொல்வது, எதை விடுவது என்று தீர்மானிப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று ஒரு நினைப்பு. பெண்களும் என்னை நம்பினார்கள். வக்கீலம்மாவிடம் சொன்னால் கிணற்றில் போட்ட கல் என்று தங்களுக்குள் பேசிக்கொள்வார்களாம்.

அப்படி வந்தவள்தான் ஆவுடையம்மை. கொட்டாரத்துக்குப் பக்கத்து ஊர்க்காரி. அவர்களுடைய வயல் கால்வாயின் கடைசிப் பாய்ச்சல். மேலே உள்ளவர்கள் விட்டால்தான் தண்ணீர் வரும். சுதந்திரம் வந்த மறுவருஷம், மாசியில் அறுக்கிற கும்பப்பூ பயிர் பால் பிடிக்கிற நேரத்தில் தண்ணீர் இல்லாமல் வெடித்துக் கிடந்தது. மேலூர்க்காரர்கள் மடையில் காவலுக்கு ஒரு ஆள் போட்டிருந்தார்கள். ஒருநாள் காலையில் அந்தக் காவல்காரன் மடைக்கல்லில் மண்டை உடைந்து செத்துக் கிடந்தான். ஆவுடையம்மையின் புருஷன் சிவதாணுவைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. மடைப்பக்கம் அவனைப் பார்த்ததாக ஒருவன் சொன்னான். சிவதாணுவோ காய்ச்சலில் வீட்டில் படுத்திருந்ததாகச் சொன்னான். கேஸ் அப்பாவிடம் வந்தது.

அப்பா அந்த வழக்கை எப்படி ஜெயித்தார் என்பது உனக்கு மனப்பாடம். விடிவதற்கு முன்பே ஆவுடையம்மை முற்றத்தில் அண்டா வைத்து நெல் அவித்துக்கொண்டிருந்தாள். முந்தின நாள் சாயங்காலமே நெல்லை ஊறப்போட்டிருந்தாள். தெருப்பெண்கள் வழக்கம்போல ஒத்தாசைக்கு வந்து அவித்த நெல்லைப் பாயில் கொட்டி விரவினார்கள். அந்தப் பெண்கள் எல்லாரும் கோர்ட்டுக்கு வந்து அதைச் சொன்னார்கள். ‘புருஷன் கொலை செய்துவிட்டு வந்து நிற்கிறான். அந்த வீட்டுக்காரி, தெருவையே முற்றத்துக்குக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு, சாவதானமாக நெல் அவிப்பாளா?’ என்று அப்பா கேட்டாராம். ஜட்ஜே தலையை ஆட்டினாராம். சிவதாணு விடுதலையானான். அன்றைக்கு நீ அந்தக் கேள்வியை அப்பாவின் குரலிலேயே சொல்லிக்காட்டிக்கொண்டு வீடெல்லாம் நடந்தாய்.

மக்கா, விசாரணை தொடங்குவதற்கு முன்னாலேயே எனக்கு உண்மை தெரியும். அடுக்களையில் என் எதிரே உட்கார்ந்து, முழங்காலில் நெற்றியை வைத்துக்கொண்டு ஆவுடையம்மை சொன்னாள். “யக்கா, அன்னைக்கு வெள்ளனே நான் போட்ட தீ நெல்லு அவிக்க மட்டும் இல்ல. அவருக்க துவர்த்தும் வேட்டியும் அதுலதான் போச்சு. இத ஒருத்தருகிட்டயாவது சொல்லல்லன்னா எனக்க நெஞ்சு வெடிச்சிரும்.” சிவதாணுவுக்கும் காவல்காரனுக்கும் மடையில் வாய்த்தகராறு முற்றி, சிவதாணு பிடித்துத் தள்ளியிருக்கிறான். அவன் கல்லில் விழுந்துவிட்டான். சிவதாணு ஓடவில்லை. தோளில் கிடந்த துவர்த்துத் துண்டை எடுத்து அவன் தலையில் சுற்றிக் கட்டி, மடியில் போட்டுக்கொண்டு, ‘ஏலே, கண்ணத் தெறலே’ என்று கெஞ்சியிருக்கிறான். மூச்சு நின்றதும் பயம் பிடித்துக்கொண்டது. துவர்த்தை அவிழ்த்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டான். அவள் அதையும் ரத்தம் பட்ட வேட்டியையும் வாங்கித் தேங்காய்க் கதம்பையோடு சேர்த்து அண்டாவுக்கு அடியில் தள்ளிவிட்டாள். நெல் எப்படியும் அவிக்க இருந்ததுதான். தீயும் எப்படியும் போட வேண்டியதுதான்.

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். “எங்கிட்ட சொன்னதா நெனைக்காத, அடுப்புகிட்ட சொன்னதா நெனச்சுக்கோ. வக்கீலுக்கும் இது தெரியண்டாம்” என்று சொன்னேன். அப்பாவுக்குத் தெரிந்தால் அந்தக் கேள்வியை அவரால் அப்படிக் கேட்டிருக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். நான் செய்தது சரியா? அந்தக் காவல்காரனுக்கும் ஒரு பெண்டாட்டி இருந்தாள். தீர்ப்பு சொன்ன அன்றைக்குக் கோர்ட்டு வாசல் புளியமரத்தடியில் மண்ணில் உட்கார்ந்து அழுதாளாம். அவள் போய் உட்கார்ந்து சொல்ல எந்த அடுக்களையும் இருக்கவில்லை. அவளை அன்றைக்கு நான் ஒரு தடவைகூட நினைக்கவில்லை. இப்போது நினைக்காத நாள் இல்லை. ஆனாலும் அந்த மறைப்பு ஒன்றோடு நின்றிருந்தால், இன்னொரு பெண்ணின் குடும்பத்துக்காகச் செய்தேன் என்று சொல்லி ஒருமாதிரி தேற்றிக்கொண்டிருப்பேன். அடுத்ததாகச் செய்ததற்குத் தேற்றிக்கொள்ள ஒன்றுமே இல்லை.

அதற்குப் பிறகுதான் அப்பாவின் காது போகத் தொடங்கியது. திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாகி ஹைகோர்ட் எர்ணாகுளத்துக்குப் போன நேரம். அங்கே ஒரு அப்பீலில் ஜட்ஜ் ஒன்று கேட்க, இவர் வேறொன்றுக்கு விளக்கமாகப் பதில் சொல்லியிருக்கிறார். கோர்ட்டில் சிரித்துவிட்டார்கள். ரயிலும் பஸ்ஸும் மாறி வீட்டுக்கு வந்தவர், கோட்டைக் கழற்றி மாட்டினார். பிறகு அதை எடுக்கவே இல்லை. காது மந்தம் என்று வெளியில் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, உடம்பு சரியில்லை, ஓய்வு வேண்டும் என்று சொல்லிவைத்தார். நீ சென்னைக்குப் படிக்கப் போன பிறகு வீடு இன்னும் மோசமானது. ஊரெல்லாம் பேச்சால் ஜெயித்த மனுஷன் ஜன்னல் பக்கத்தில் உட்கார்ந்து, தெருவில் போகிறவர்களின் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பார். எனக்குப் பார்க்கச் சகிக்காது. ஏதாவது எழுதுங்களேன் என்று அவர் காதருகில் போய்க் கத்தினது நான்தான்.

எழுதினார். நாவல் எழுத அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. வாரத்துக்கு ஒரு அத்தியாயம். ஒவ்வொரு அத்தியாயத்தையும், கூண்டில் நிற்கிற சாட்சி வாயைத் திறக்கப்போகிற இடத்தில் வெட்டிவிடுவார். சாட்சி என்ன சொன்னான் என்று தெரிய ஊர் ஒரு வாரம் காத்திருக்க வேண்டும். பழைய கேஸ் தாள்களின் பின்பக்கத்தில் கிறுக்கியதை நான்தான் நல்ல கையெழுத்தில் எழுதித் தபாலில் சேர்ப்பேன். புனைபெயரில் எழுதினாலும் யார் என்று எல்லாருக்கும் தெரியும். வாசகசாலையில் ஒருவர் வாசிக்க, பத்துப் பேர் சுற்றி நின்று கேட்பார்களாம். மனுஷன் மறுபடி பட்டுக்கரை வேட்டி உடுத்திக்கொண்டு சாயங்காலம் நடக்கப் போனார். இரண்டு கதை அப்படி ஜம்மென்று போனது. மூன்றாவது கதை அந்தப் ‘புகை சொன்ன சாட்சி’. தஞ்சாவூர்ப் பக்கம் நடப்பதாக வைத்து, ஒரு கொலை, ஒரு வக்கீல், காணாமல்போன தடயம் என்று பாதி வரைக்கும் கொண்டுபோய்விட்டார். தடயம் எப்படிக் காணாமல்போனது என்பது அவருக்கே தெரியவில்லை. போகப்போகத் தெரிந்துவிடும் என்று நினைத்திருக்கிறார். தபால் கட்டு போகவேண்டிய நாள் வந்துவிட்டது, கதை நகரவில்லை. சாப்பாடு இறங்கவில்லை. எனக்குக் காதோடு மூளையும் போய்விட்டது என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

அன்றைக்கு நான் அவருக்குக் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தேன். குனிந்து காதருகில், ஊரே பார்க்க நெல் அவிக்கிற தீயில் அந்தத் தடயத்தைப் போட்டு எரித்திருந்தால் என்று கேட்டேன். நான் அதைச் சொல்வேன் என்று சத்தியமாக நினைக்கவில்லை. வாயிலிருந்து வந்துவிட்டது. இல்லை, இதையும் சரியாகச் சொல்லிவிடுகிறேன். வாயில் வருவதற்கு முன்னால், அவர் என்னைப் பார்த்துச் சிரிக்கப்போகிற சிரிப்பு என் மனதில் வந்துவிட்டது. அதற்கு ஆசைப்பட்டேன்.

அவர் கஞ்சியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். சொந்தக் கேஸ் அவருக்கு மறந்தா போயிருக்கும்? “இது நீயா நெனச்சதா? கதைதானா?” என்று கேட்டார். நான், “கதைதான்” என்றேன். ஒரே தடவைதான் கேட்டார், மக்கா. பால்காரனிடம்கூட மூன்று தடவை கேட்கிற மனுஷன் என்னிடம் இரண்டாவது தடவை கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். ‘உன்னையல்லவா கோர்ட்டுக்கு அனுப்பியிருக்க வேண்டும்’ என்று சொல்லி என் கன்னத்தைத் தட்டினார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் புத்தியை அவர் அப்படி மெச்சினதில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆவுடையம்மை சொன்ன மீதியையும் கதை போலவே சொல்லிக்கொடுத்தேன்.

நெல்லுக்குப் பதிலாக வேறு ஏதாவது வைக்கலாமே என்று பிறகு ஒரு பயத்தில் சொல்லிப் பார்த்தேன். தெரு முழுக்கப் பார்த்தும் சந்தேகம் வராத தீ வேறு எது இருக்கிறது, அதை எடுத்தால் கதையே இல்லை என்றார். நான் மேற்கொண்டு வற்புறுத்தவில்லை. அந்தத் துவர்த்துக் கட்டின விஷயத்தை மட்டும் எடுத்துவிட்டார். குற்றவாளி மேல் இரக்கம் வந்துவிட்டால் விறுவிறுப்பு போய்விடும் என்பது அவருடைய கணக்கு. ஆக, தலையில் கட்டுப்போட்டுக் கெஞ்சிய சிவதாணு கதையில் கிடையாது. பதுங்கியிருந்து அடிக்கிற ஒரு பாதகன்தான் உண்டு. அவன் பெண்டாட்டி துணியை எரித்துக்கொண்டே தெருப்பெண்களைப் பார்த்துச் சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பை அவர் எழுதினார். நான் ஒற்றுப்பிழை திருத்தி நல்லபடி எழுதித் தபாலில் சேர்த்தேன்.

கொட்டாரத்து வாசகசாலையில் அந்த அத்தியாயத்தை வாசித்த பையன், அன்றைக்கு நெல் விரவியவர்களில் ஒருத்தியின் மகன். வீட்டுக்குப் போய் அம்மையிடம் சொல்லியிருக்கிறான். அவள் நேரே ஆவுடையம்மை வீட்டு முற்றத்தில் போய் நின்று, “ஏட்டி, அன்னைக்கு நீ போட்ட தீ எதுக்குட்டி? நாங்க கோர்ட்டு ஏறி சத்தியம் பண்ணுனோமே, அது எதுக்குட்டி?” என்று கேட்டாளாம். ஆவுடையம்மைக்கு இல்லை என்று சொல்லத் தெரியவில்லை. ஒரு தடவை விடுதலையானவனை அதே குற்றத்துக்காக மறுபடி கூண்டில் ஏற்ற முடியாது, அது உனக்குத் தெரியும். போலீஸ் வரவில்லை. ஆனால் அந்தத் தெரு அவர்களோடு கொடுக்கல் வாங்கலை நிறுத்தியது. தங்களைப் பொய்சாட்சி ஆக்கிவிட்டாள் என்ற ஆத்திரம் அவர்களுக்கு. அதைத் தப்பு என்றும் சொல்ல முடியவில்லை. மகளுக்கு நிச்சயம் செய்திருந்த மாப்பிள்ளை வீட்டார் பாக்கு வெற்றிலையைத் திருப்பி அனுப்பினார்கள். சிவதாணு களியக்காவிளை தாண்டி ஏதோ மலைத்தோட்டத்துக்குக் கூலிக்குப் போனான். போனவன் போனவன்தான்.

அவன் போன சில நாளில் ஆவுடையம்மை நம் வீட்டுக்கு வந்தாள். பழையபடி புறக்கடை வழியாக வந்து, பழைய இடத்திலேயே உட்கார்ந்தாள். வைவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நான் எதிர்பார்த்து நின்றேன். அவள் நிமிர்ந்து பார்த்து, “யக்கா, நான் உங்ககிட்ட மட்டும்லா சொன்னேன்” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அந்த நேரம் பார்த்து முன்னறையிலிருந்து அப்பா, யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்டார். நான் “ஒருத்தரும் இல்ல” என்று கத்தினேன். அவருக்குக் கேட்க வேண்டுமே, அதனால் உரக்கக் கத்த வேண்டியிருந்தது. என் முன்னால் அவள் உட்கார்ந்திருக்கிறாள். எழுந்து, சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு, புறக்கடை வழியாகவே போனாள். என் ஆயுசில் நான் செய்ததிலேயே கேவலமான காரியம் எது என்று யாராவது கேட்டால், நாவலுக்குக் கதை கொடுத்ததைச் சொல்லமாட்டேன். அந்தச் சத்தத்தைத்தான் சொல்வேன்.

பழைய குமஸ்தா வந்து அப்பாவிடம் ஊரில் நடப்பதையெல்லாம் சொன்னார். அவர் போன பிறகு அப்பா என்னைக் கூப்பிட்டு ஒன்றும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். கதையைச் சட்டென்று முடித்துவிட்டால் ஊர் மறந்துவிடும், அதில் வருகிற பெண் செத்துவிட்டால் அதற்கு மேல் பேச ஒன்றும் இருக்காது என்று அப்பா சொன்னார். அடுத்த வாரமே அவளைக் கோவில் குளத்தில் விழவைத்து முடித்தார். கேஸ் கட்டை மூடுகிற மாதிரி மூடிவிட்டார். அதையும் நான்தான் நல்ல கையெழுத்தில் எழுதினேன். ஊர் மறக்கவில்லை. அவர் அதற்குப் பிறகு பேனாவைத் தொடவில்லை. பத்திரிகைக்காரர்கள் கேட்டு எழுதிய கடிதங்களுக்குக் கண் மங்கிவிட்டது என்று என்னை விட்டுப் பதில் போடச் சொன்னார். உனக்கும் அதைத்தான் சொன்னோம். அவர் கண்ணுக்கு ஒன்றும் இல்லை, மக்கா. கடைசி நாள் வரைக்கும் ஊசியில் நூல் கோத்துக்கொடுப்பார்.

அப்பாவை இதனால் நீ வெறுத்துவிடாதே. அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை, நானும் அவரைக் காட்டிக்கொடுக்கவில்லை, அந்த ஒற்றுமையில் இரண்டு பேருமாகச் சேர்ந்து ஒருத்தியைத் தொலைத்துவிட்டோம். உனக்கு வரப்போகிறவள் படித்த பெண், கெட்டிக்காரி என்று எழுதியிருந்தாய். சந்தோஷம். இந்த வீட்டு அடுக்களைக்கு இனிமேலும் பெண்கள் வருவார்கள். அவளைத் தூதுக்கு வைத்துக்கொள்ளாதே. முன்னறையில் ஒரு நாற்காலியைப் போட்டு, குமஸ்தாவை வெளியே அனுப்பிவிட்டு, அந்தப் பெண்களை நீயே உட்காரவைத்துக் கேள். அவர்களுக்கு வெட்கமாக இருக்கும், உனக்கும் இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும். சொன்னது யார், கேட்டது யார் என்பது இரண்டு பேருக்கும் தெளிவாகத் தெரிந்திருக்கும் அல்லவா? உனக்கும் ஒருநாள் எழுத ஆசை வரலாம். அப்பாவின் கை உனக்கு வந்திருக்கிறது, உன் கடிதங்களிலேயே தெரிகிறது. எழுது, நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு நல்ல இடம் எழுத வந்து, யாராவது மெச்சப்போகிறார்கள் என்று உள்ளுக்குள் குளிர்ந்தால், அந்த இடத்தில் கொஞ்சம் நின்று யாருடையது இது என்று பார்த்துக்கொள்.

உன் கடிதம் வந்த பிறகு, இத்தனை வருஷம் போகாதவள் போன வாரம் பஸ் ஏறிக் கொட்டாரத்தில் இறங்கி, விசாரித்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். ஆவுடையம்மை முற்றத்தில் கயிறு திரித்துக்கொண்டிருந்தாள். மகள் பக்கத்தில் நார் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. என்னைக் கண்டதும் மகள் எழுந்து உள்ளே போய்விட்டாள். ஆவுடையம்மை மரியாதையாகப் பலகை எடுத்துப் போட்டாள். நான் அழுதேன். அவள் அழவில்லை. மன்னிப்புக் கேட்டேன், அவள் அடுத்த நாரை எடுத்துக்கொண்டாள். உன் கடிதத்தைப் பற்றிச் சொல்லி, புத்தகமாகப் போடக் கேட்கிறார்கள், நீ என்ன சொல்கிறாய் என்று கேட்டேன். “எழுதும்போ கேக்காதவிய, இப்ப எதுக்குக் கேக்கிய?” என்றாள். குரலில் கோபமே இல்லை. விவரம் கேட்கிறவள் மாதிரித்தான் கேட்டாள்.

கயிற்றைத் திரித்துக்கொண்டே, “அந்தக் கதையில வந்தவ கடைசியில என்ன ஆனா? பாதியிலயே இங்க என் காதுபட வாசிக்கத நிறுத்திட்டாவ. எனக்கு எழுத்து தெரியாதுல்லா” என்றாள். பொய் சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். பிறகு, குளத்தில் விழுந்து செத்துப்போவாள் என்று சொன்னேன். அவள் கை நின்றது. “நான் சாகலயேக்கா. எனக்கு ஒரு பொம்பளப்பிள்ள இருக்குல்லா, நான் எப்பிடிச் சாவேன்?” என்றாள்.

உள்ளே போன மகளைத் திரும்பிப் பார்த்துவிட்டு, என் பக்கம் சாய்ந்து, “யக்கா, இவளுக்கு இப்ப ஒரு காரியம்” என்று தணிந்த குரலில் தொடங்கினாள். பழைய பழக்கம். சொல்ல வேறு ஆள் கிடையாது அவளுக்கு. நானும் பழைய மாதிரியே முன்னால் குனிந்தேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். பார்த்ததும் அப்படியே நிமிர்ந்து, தண்ணீர் குடிக்கிறீர்களா என்று கேட்டுவிட்டு எழுந்து போனாள். அது என்ன காரியம் என்று எனக்குத் தெரியாது. இனித் தெரியவும் போவதில்லை.

புறப்படும்போது அவளிடம் ஒன்று கேட்டேன். புத்தகத்துக்கு நான் கையெழுத்துப் போடமாட்டேன், ஆனால் ஏன் போடவில்லை என்று என் மகன் கேட்பான். காரணம் சொல்ல வேண்டுமென்றால் உன் கதையை மறுபடி ஒருவனிடம் சொன்னதாக ஆகும். சொல்லாமலே இருந்துவிடட்டுமா என்றேன். ஆவுடையம்மை வாசற்படியில் நின்றுகொண்டு சொன்னாள்.

“சொல்லுங்கக்கா. பெத்த அம்மை எப்பிடிப்பட்டவளுன்னு பிள்ளைக்குத் தெரியண்டாமா?”

அவள் சம்மதித்த பிறகுதான் உனக்கு எழுத உட்கார்ந்தேன், மக்கா. இது உன்னோடு இருக்கட்டும்.

அம்மை